நூல் நிலையங்களில் தேடு சாதனங்கள்: கேரள எல்லை மலைப் பகுதியிலிருந்து சில உதாரணங்கள்

மறையூரில் பணி புரியும் ஓர் ஆசிரியர், தம் மாணவர்களுக்காக வரையாட்டைப் பற்றிய பழைய விவரங்களைத் திரட்ட விரும்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். இரவிகுளம் தேசியப் பூங்கா அவருடைய ஊருக்கு அண்மையிலேயே உள்ளது. அவ்விலங்கின் விஞ்ஞானப் பெயர் நீல்கிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ் என்பதைப் பாட நூலிலிருந்து எடுத்துக் கொண்டு, ஒரு கல்லூரி நூல் நிலையத்தின் தேடு கட்டத்தில் அதனை அப்படியே இடுகிறார். சில கட்டுரைகள் கிடைக்கின்றன. அவை யாவும் 2005-ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் வெளிவந்தவை. "அதற்கு முன் இவ்விலங்கை எவரும் முறையாக ஆராயவில்லை போலும்" என்று தம் குறிப்பேட்டில் எழுதி விடுகிறார்.

அம்முடிவு முற்றிலும் தவறானது. ஆயினும், அவர் மீது குற்றம் சொல்வதற்கில்லை. இவ்விலங்கை 1838-ஆம் ஆண்டில் ஆகில்பி என்பவர் கெமாஸ் ஹைலோக்ரியஸ் என்ற பெயரால் விவரித்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கிரே என்பவர் இதற்குக் காப்ரா வரியாட்டோ என்று பெயரிட்டார். நம் 'வரையாடு' என்ற சொல்லே லத்தீன் உடையில் அங்கு நிற்பதைக் காணலாம். பின்னர் நெடுங்காலம் இது ஹெமிட்ராகஸ் என்ற பேரினத்தில், இமாலயத்து உறவினத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. மூலக்கூறு ஆராய்ச்சியின் பயனாக 2005-ல்தான் இது தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டு இன்றைய பெயரைப் பெற்றது. ஜார்ஜ் ஷாலர் 1969-ல் செய்த நேரடி ஆய்வும், டேவிதார் 1975 முதல் 1978 வரை மலை மலையாகச் சென்று கண்ட பரவல் விவரங்களும் ஹெமிட்ராகஸ் என்ற பெயரின்கீழ் அச்சாகியிருக்கின்றன. அதற்கும் முற்பட்ட வேட்டை நூல்களில் தோட்டத் துரைமார்கள் இதனை 'நீலகிரி ஐபெக்ஸ்' என்று குறித்தனர்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. ஒரு விலங்கின் தொகை பெருகிற்றா, அருகிற்றா என்று கூறுவதற்கு முற்காலத்துக் கணக்கு ஒன்று கையில் இருத்தல் வேண்டும். இரவிகுளம் 1975-ல் சரணாலயமாகவும், 1978-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்புக்கு முந்திய நிலை என்ன என்பது தெரியாவிடில், பாதுகாப்பினால் நேர்ந்த பயன் என்ன என்பதையும் கூற இயலாது. வனப் பணியாளர் ஒருவர் இரண்டு பெயர்களில் ஒன்றை மட்டும் அறிந்திருப்பாராயின், அவருக்கு வரலாற்றில் பாதி மறைந்து போகிறது.

கிடைத்தவை எத்தனை, கிடையாதவை எத்தனை

நூல் நிலைய விஞ்ஞானத்தில் இந்த இழப்பை அளப்பதற்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று மீட்பு அளவு. அஃதாவது, தொகுதியில் உள்ள பொருத்தமான நூல்களில் எத்தனை பங்கு நம் கைக்கு வந்தது என்பது. மற்றொன்று துல்லிய அளவு; கைக்கு வந்தவற்றுள் எத்தனை பங்கு உண்மையில் பொருத்தமானவை என்பது. வரையாட்டைப் பற்றி ஒரு தொகுதியில் 40 கட்டுரைகள் இருப்பதாகக் கொள்வோம். புதிய பெயரால் மட்டும் தேடியபோது 10 கட்டுரைகள் வருகின்றன. அவற்றுள் 9 பொருத்தமானவை. துல்லிய அளவு நூற்றுக்குத் தொண்ணூறு. ஆனால் மீட்பு அளவு நூற்றுக்கு இருபத்திரண்டரைதான். பழைய பெயர்களையும் 'அல்லது' என்ற இணைப்பால் சேர்த்துத் தேடினால் 120 வருகின்றன. அவற்றுள் 36 பொருத்தமானவை. இப்போது மீட்பு தொண்ணூறு, துல்லியம் முப்பது. பொருந்தாத 84 கட்டுரைகளைப் புரட்டித் தள்ளும் வேலை கூடுதலாக நேர்கிறது.

இவற்றுள் எது வேண்டும் என்பதைத் தேடுபவரே முடிவு செய்தல் வேண்டும். வகுப்புக்கு ஒரு கட்டுரை போதுமெனில் துல்லியம் போதும். "இதுவரை எவரும் செய்யவில்லை" என்று எழுதத் துணிபவருக்கோ மீட்பு இன்றியமையாதது. தேடு சாதனம் துல்லிய அளவைத் திரையில் தானே காட்டிவிடுகிறது. வந்தவை கண்முன் இருக்கின்றன அல்லவா? மீட்பு அளவை அது காட்டுவதில்லை, காட்டவும் இயலாது. வராதவை வரவில்லை என்பதை அறிவிக்க எந்த மணியும் அடிப்பதில்லை.

அட்டைப் பெட்டியும் அதன் பின்னும்

சீர்காழியில் 1892-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்து வந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராக நியமனம் பெற்றார். அக்காலத்தில் பாலக்காடு விக்டோரியாக் கல்லூரியும் அப்பல்கலைக் கழகத்தைச் சார்ந்தே இருந்தது என்பது இவ்விடத்தில் நினைவு கூரத்தக்கது. அதே ஆண்டு லண்டன் சென்ற அவர், கடை ஒன்றில் குழந்தைகளின் 'மெக்கானோ' விளையாட்டுச் சாதனத்தைக் கண்டார். துளையிட்ட சில தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு எண்ணற்ற பொம்மைகளைச் செய்து விடுகிறார்கள். நூற்பொருள்களையும் ஏன் இவ்வாறே சிறு கூறுகளிலிருந்து கட்டலாகாது என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை இவ்வெண்ணத்தின் விளைவாகும்.

இம்முறை வருமுன், அறிவுத் துறைகள் யாவற்றையும் முன்கூட்டியே பட்டியலிட்டு, ஒவ்வொரு நூலையும் ஏதேனும் ஓர் அறையில் அடைத்து வந்தனர். ரங்கநாதன் பொருளை ஐந்து முகங்களாகப் பிரித்தார்: பொருளின் தனித்தன்மை, பருப்பொருள், செயல், இடம், காலம். உடும்பஞ்சோலைத் தாலூகாவின் ஏலத் தோட்டங்களில் 'கட்டே' நோய்த் தடுப்பு பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கருதுவோம். ஏலச் செடி தனித்தன்மை முகத்தில் அடங்கும். அதற்கு நேரும் நோயும் தடுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக அதனைத் தொடரும். உடும்பஞ்சோலை இட முகம். எந்தப் பத்தாண்டு என்பது கால முகம். இக்கூறுகள் தனித்தனியே குறியிடப்பட்டு முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி போன்ற குறிகளால் இணைக்கப்படும். எந்தக் கூறிலிருந்து தொடங்கினாலும் நூலை அடைய வழி உண்டு என்பதே இதன் சிறப்பு.

இன்று கணிப்பொறித் திரையில் தேடல் முடிவுகளின் ஓரத்தில் ஆசிரியர், ஆண்டு, மொழி, பொருள், இடம் என்று சிறு பட்டியல்கள் தோன்றுகின்றன. அவற்றைச் சொடுக்கி, ஆயிரத்தை நூறாகவும் நூற்றைப் பத்தாகவும் சுருக்கிக் கொள்கிறோம். அப்பட்டியல்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ரங்கநாதன் 'முகம்' என்பதற்கு ஆண்ட அதே சொல்தான். கடைகளின் விற்பனைத் திரையில் சேலையை நிறம், விலை, நெசவு என்று வடிகட்டுபவர்கள் சீர்காழிக்காரர் ஒருவரை நினைப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியை மறைப்பது முறையாகாது. இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு விமானவியல் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன், 18,000 கட்டுரைகளைக் கொண்டு நான்கு அட்டவணை முறைகளை ஒப்பிட்டு 1962-ல் முடிவுகளை வெளியிட்டார். முகப் பகுப்பு முறைக்கு அதில் முதலிடம் கிட்டவில்லை. நான்கு முறைகளுக்கும் இடையே பெரும் வேறுபாடு இல்லை என்பதே பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. கட்டுரையின் சொற்களையே எடுத்து எளிமையாகத் தொகுத்த முறை கூட ஏனையவற்றுக்குப் பின்தங்கவில்லை. இயந்திரத் தேடலுக்கு இம்முடிவு பெரும் ஊக்கம் அளித்தது. ஆனால் அச்சோதனைக்கு எடுத்துக் கொண்ட கட்டுரைகள் விமானவியலைச் சார்ந்தவை, ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் கலந்த ஒரு தொகுதிக்கு அதனை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து.

இயந்திரம் எவ்வாறு தேடுகிறது

தேடு கட்டத்தில் சொல்லை இட்டவுடன் இயந்திரம் நூல்களைப் படிக்கத் தொடங்குவதில்லை. முன்னரே எல்லா விவரக் குறிப்புகளையும் படித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தக் குறிப்பில் வருகிறது என்று ஒரு தலைகீழ் அட்டவணையை அது செய்து வைத்திருக்கிறது. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு போன்றதே இது. நூல்களின் விவரத்தை இயந்திரம் படிக்கத்தக்க வடிவில் எழுதும் முறையை 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் ஆவ்ரம் அமைத்தார். நம் கல்லூரிகள் பலவற்றில் வழங்கும் 'கோஹா' என்ற இலவச மென்பொருளும் அவ்வடிவத்தைப் பின்பற்றுவதே. அது நியூசிலாந்தில் பிறந்து 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயனுக்கு வந்தது. மாவோரி மொழியில் அப்பெயருக்குக் 'கொடை' என்று பொருள்.

நூலட்டவணை ஒரு நூல் நிலையத்தின் உடைமைகளை மட்டும் காட்டும். கண்டறி சாதனம் எனப்படுவது இதனினும் விரிந்தது. பல வெளியீட்டாளர்கள், ஆய்வேட்டுக் களஞ்சியங்கள், பத்திரிகைகள் ஆகியவற்றின் குறிப்புகளை ஒரே பேரட்டவணையில் சேர்த்து, ஒரே கட்டத்தில் தேட அது இடமளிக்கிறது. வசதி பெரிது. ஆனால் எந்தப் பத்திரிகை அப்பேரட்டவணையில் சேர்க்கப்படவில்லையோ அது தேடுபவருக்கு இல்லாததாகிவிடும்.

முடிவுகளை வரிசைப்படுத்துவதில் ஓர் எளிய தத்துவம் உண்டு. எல்லா நூல்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் இதனை 1972-ல் கணக்கியல் முறையில் நிறுவினார். (ரங்கநாதன் மறைந்ததும், இடுக்கி ஜில்லா அமைந்ததும் அதே ஆண்டில்தான்.) ஆகவே 'காடு', 'ஆய்வு' போன்ற பொதுச் சொற்களை விடுத்து, 'கட்டே' போன்ற அருஞ்சொற்களை இடுவது பயன் தரும்.

தமிழில் தேடும்போது

இனி நம் மொழிக்கே உரிய இடர்களைச் சற்று விரிவாகக் காண்போம். ஆங்கில நூல்களில் இவை பேசப்படுவதில்லை. 'ஏலம்' என்று தேடிப் பாருங்கள். செடியும் வரும், கூவி விற்கும் விற்பனையும் வரும். போதிநாயக்கனூரிலும் புற்றடியிலும் ஏலத்தையே ஏலம் விடுகிறார்களாதலால், இரண்டும் ஒரே கட்டுரையில் கலந்து வருதலும் உண்டு. 'ஏலக்காய்', 'ஏலச் செடி' என்று தேடினால் குழப்பம் பெரும்பாலும் நீங்கும். 'குறிஞ்சி' என்று இட்டால் மூணாற்றுச் சரிவுகளில் 2006-லும் 2018-லும் பூத்த நீலமலர் வருமுன், திணை இலக்கணமும் பண்ணிசையும் வந்து நிற்கும். 'நீலக்குறிஞ்சி' என்பதும், ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற தாவர இயற்பெயரும், ஃப்ளெபோஃபில்லம் என்ற பழைய பெயரும் சேர்ந்தால்தான் மலர் அகப்படும்.

வேற்றுமை உருபுகள் அடுத்த தடை. 'மரம்' என்ற சொல் 'மரத்தின்', 'மரத்தை', 'மரங்கள்' என்று திரியும். 'மர' என்பதன் பின் நட்சத்திரக் குறி இட்டுத் தேடினால் இவையெல்லாம் வரும். 'மரபு', 'மரணம்' ஆகியவையும் உடன் வரும். 'மரத்' என்றும் 'மரங்' என்றும் இரு முறை தேடுவது மேல். சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்கத்தால் 'ஏலத்தோட்டம்' ஒரு சொல், 'ஏலத் தோட்டம்' இரு சொல் என்று இயந்திரம் கொள்கிறது.

கண்ணுக்குப் புலப்படாத இடர்கள் இவற்றினும் கொடியவை. 'ஔவையார்' என்ற பெயரை ஔகார எழுத்தால் எழுதுவது ஒன்று. 'ஒ' என்பதன் பின் 'ள' என்ற மெய்யேறிய எழுத்தை வைத்து 'ஒளவையார்' என்று தட்டுவது மற்றொன்று. பார்வைக்கு வேறுபாடு மிகச் சிறிது. இயந்திரத்துக்கோ இவர் வேறு, அவர் வேறு. 'கௌ' என்பதிலும் இதே பிழை நேர்கிறது. மலையாளத்தில் 'மூன்னார்' என்ற ஊர்ப் பெயரின் இறுதி மெய்யெழுத்துக்கு 2008-க்கு முன் மூன்று குறியீடுகளைச் சேர்த்து எழுதும் முறை இருந்தது. அவ்வாண்டு யூனிகோடு அதற்கெனத் தனிக் குறியீடு ஒன்றை அளித்தது. இரண்டையும் ஒன்றாக்கும் ஏற்பாடு இல்லாத அட்டவணையில், அதே ஊரைப் பற்றிய பழைய குறிப்புகள் ஒரு புறமும் புதியவை மறுபுறமும் கிடக்கும். தமிழிலோ அவ்வூர் மூணாறு, மூணார், மூன்னாறு என மூவகையாக எழுதப்படுகிறது.

ரோமன் எழுத்தில் தமிழ்த் தலைப்பை எழுதும் நூல் நிலையங்களும் பல. 'பழங்குடி' என்பதன் ழகரத்தை ஒரு நூல் நிலையம் எல் எழுத்தின்கீழ்க் கோடிட்டுக் காட்டும். மற்றொன்று இசட்-எச் என எழுதும். எல்லைப் பகுதித் தமிழ் மாணவர் தம் மொழி நூலை ஆங்கில விசைகளால் தேடும்போது, எந்த வழக்கம் பின்பற்றப்பட்டுள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அறிந்த நூல் ஒன்றை முதலில் தேடி, அது எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் கொள்வதே இதற்கு எளிய வழி.

மூன்று அரசுகளின் ஏடுகள்

இப்பகுதியைப் பற்றித் தேடுவோர் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. பாலக்காடு 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1 வரை சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தனி ஜில்லாவானது 1957 ஜனவரி 1-ல். அதனை அடுத்துள்ள சித்தூர்த் தாலூகாவோ கொச்சி சமஸ்தானத்துக்கு உரியது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் பகுதிகள். பின்னர்க் கோட்டயம் ஜில்லாவில் அடங்கியிருந்து, 1972 ஜனவரி 26-ல் இடுக்கி ஜில்லாவுக்கு மாறின. எனவே 'இடுக்கி' என்ற சொல்லை இட்டு 1950-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் அறிக்கையைத் தேடுவது வீண் முயற்சியாகும். லோகன் 1887-ல் வெளியிட்ட நூலும், இன்னெஸின் 1908-ஆம் ஆண்டு விவரத் தொகுதியும் 'மலபார்' என்ற தலைப்பில் உள்ளவை. பாலக்காட்டுக் கணவாயைப் பற்றி அவற்றில் காண்பவர் 'பால்காட்' என்ற ஆங்கில எழுத்து முறையையே காண்பார்.

இதனை நான் பட்டு அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் சித்தூர்ப் பகுதியின் பாசனம் பற்றிய குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்க நேர்ந்தது. அதில் வரும் பழைய நில அளவைச் சொல்லின் பொருளை உறுதி செய்ய ஒரு பெரிய நூல் நிலையத்துக்குச் சென்றேன். 'பாலக்காடு' என்றும், 'மலபார்' என்றும், பாசனத்துக்கு அறிந்த எல்லாச் சொற்களையும் சேர்த்தும் இரண்டு நாள் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. சொல்லைத் தெரியவில்லை என்று அடிக்குறிப்பு எழுதத் தயாராகிவிட்டேன். நூல்களை எடுத்துக் கொடுக்கும் முதிய ஊழியர் என் காகிதத்தை எட்டிப் பார்த்து, "சார், சித்தூர் அந்தக் காலத்தில் கொச்சி அல்லவா?" என்றார். கொச்சித் தலைப்பில் கால் மணி நேரத்தில் அது கிடைத்தது. அவர் பள்ளியிறுதிக்கு மேல் படித்தவரல்லர்.

மூல ஆவணங்களைத் தேடுவோருக்கு இதே பிரிவினை பயன்படும். திருவிதாங்கூர் ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தையும், கொச்சிக்கு எர்ணாகுளத்தையும், மலபாருக்குக் கோழிக்கோட்டையும், சென்னை அரசின் தலைமைச் செயலகத் தாள்களுக்கு எழும்பூரையும் நாட வேண்டும். இவ்வாவணங்களில் பெரும்பகுதி எந்தத் தேடு கட்டத்துக்கும் இன்னும் எட்டாதது. அங்குள்ள பட்டியல்களை நேரில் புரட்டுவதே வழி.

பணியிடத்திலிருந்து தொடங்குவோருக்கு

கல்லூரி நூல் நிலையத்தில் உறுப்பினரல்லாத களப் பணியாளருக்கும் சில வாயில்கள் திறந்தே உள்ளன. இந்தியப் பல்கலைக் கழகங்களின் ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா' களஞ்சியத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2009-ல் விதித்தது. ஒரு நூல் எந்தப் பல்கலைக் கழகத்தில் உள்ளது என்பதை 'இண்ட்கேட்' கூட்டட்டவணை காட்டும். இவ்விரண்டையும் நடத்துவது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நிலையம். பழைய இயற்கை வரலாற்று நூல்களுக்கு 'பல்லுயிர் மரபு நூலகம்' என்னும் உலகத் தொகுதி மிகச் சிறந்தது. டேவிதாரின் கட்டுரை வெளிவந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகப் பத்திரிகையின் பழைய இதழ்களும் அதில் உள்ளன. அச்சுப் பக்கங்களில் வரும் விஞ்ஞானப் பெயர்களை இயந்திரமே கண்டெடுத்துப் பட்டியலிட்டு வைத்திருப்பதால், பழைய பெயரை அறிந்தவருக்கு அங்கு அரைமணி நேரம் போதும்.

ஏலத் தோட்டப் பகுதியில் பணி புரிவோர், மைலாடும்பாறையில் 1978-ல் அமைந்த இந்திய ஏல ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளைத் தேடும்போது, நோயின் பெயரை ஒரு வகையாக மட்டும் இடாதிருப்பாராக. 'கட்டே' என்பது கன்னட நாட்டிலிருந்து வந்த வழக்கு. அதே நோய் 'மொசைக்' என்றும், இலையின் பளிங்குக் கோடுகளால் 'மார்பிள்' என்றும், வைரஸின் பெயராலும், அதனைப் பரப்பும் அசுவினிப் பூச்சியின் பேரினமான பென்டலோனியாவின் பெயராலும் குறிக்கப்படும்.

ஆசிரியர்கள் தம் வகுப்பில் இதனைப் பயிற்சியாகச் செய்விக்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பெயரின் எழுத்து வகைகள், 1956-க்கு முன் அவ்வூர் இருந்த அரசு, தாலூகா, அங்கு விளையும் ஒரு பயிரின் தமிழ், மலையாள, ஆங்கிலப் பெயர்கள், அதன் பழைய, புதிய தாவர இயற்பெயர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வரட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை முடிவுகள் வந்தன என்பதையும், எந்த நாளில் எந்தச் சாதனத்தில் தேடினர் என்பதையும் அதே தாளில் குறிக்க வேண்டும். அட்டவணைகள் வளர்வன ஆதலால், ஆறு மாதம் கழித்து அதே தேடலைத் திரும்பச் செய்தால் எண்ணிக்கை மாறியிருக்கக் கூடும். ஒன்றும் வராத பெயர்களை அடித்துவிடாமல் அப்படியே விட்டுவைத்து, தாளின் ஒரு படியை அருகிலுள்ள கல்லூரி நூலகரிடம் கொடுப்பது நன்று. விவரக் குறிப்பில் விடுபட்ட பெயரைச் சேர்க்கும் அதிகாரம் அவரிடமே உள்ளது.